ஓடிபி யாரிடமும் சொல்லவில்லை, ஆனாலும் பணம் போய்விட்டது

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை, வயது 67. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கருவூலத்திலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். என் பெயர், ஓய்வூதிய ஆணை எண், கடைசியாகப் பணியாற்றிய பள்ளி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, இந்த ஆண்டுக்கான நேர்காணல் (ஓய்வூதியர் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்யும் பதிவு) பதிவாகவில்லை, ஓய்வூதியம் நின்றுவிடும் என்றார். வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய கோப்பை நிறுவி, அது கேட்ட விவரங்களையும் ஏடிஎம் கார்டு எண்ணையும் பின் எண்ணையும் நிரப்பினேன். ஓடிபி எதையும் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பால்காரருக்கு ஜிபே செய்ய முடியாமல் போனபோதுதான், வெள்ளி இரவே ஒன்றரை லட்சம் ரூபாய் வைப்புத்தொகை முறிக்கப்பட்டு, சேமிப்பில் இருந்த 36,000 ரூபாயோடு சேர்ந்து போய்விட்டது தெரிந்தது. உடனே வங்கியின் இலவச எண்ணில் அழைத்து நடந்ததைச் சொல்லிக் கார்டை முடக்கினேன், கிளைக்கும் போனேன். “ஓடிபி இல்லாமல் பணம் போகாது, நீங்கள்தான் சொல்லியிருப்பீர்கள்” என்றார் மேலாளர். மறுநாள் மகன் செலவுக்கு அனுப்பிய 10,000 ரூபாயிலும் 9,800 ரூபாய் யுபிஐ வழியாகப் போயிற்று. புதன்கிழமை 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் பெற்றேன். வங்கிக்கு எழுத்தில் எதுவும் தரவில்லை. இனி செல்போனில் வங்கியே வேண்டாம் என்கிறான் மகன். பணம் திரும்பக் கிடைக்குமா? நான் சொல்லாத ஓடிபி அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? இனி நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மயிலாடுதுறை

பதில்:

மதிப்பிற்குரிய அம்மா,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கோப்பை நிறுவிய செல்போனை என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. அதே போனை அதே சிம் கார்டோடு இன்றும் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அதற்கு வரும் குறுஞ்செய்திகள் இன்றும் வேறொருவருக்குப் போய்க்கொண்டிருக்கலாம். இதைப் படித்த கையோடு அந்தப் போனில் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, சிம்மைக் கழற்றி, வீட்டில் பழைய பட்டன் போன் ஏதாவது இருந்தால் அதில் போடுங்கள். வங்கியின் கடவுச்சொல்லையும் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் வேறொரு நம்பகமான கருவியிலிருந்து மாற்றுங்கள். பாதிக்கப்பட்ட போனில் உட்கார்ந்து மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் அவர்கள் கைக்கே போய்ச் சேரும். போனை உடனே அழித்துச் சுத்தம் செய்யச் சொல்லிப் பலர் அறிவுரை கூறுவார்கள். அழைப்பு வந்த எண், வாட்ஸ்அப் உரையாடல், அந்தக் கோப்பின் பெயர் ஆகியவை காவல்துறைக்குத் தேவைப்படும் என்பதால், அவற்றை இன்னொரு போனால் படம் எடுத்து வைத்து, விசாரணை அலுவலரிடம் கேட்டுக்கொண்ட பிறகே அதைச் செய்யுங்கள்.

இப்போது ஓடிபி. மேலாளர் சொன்னதில் பாதி உண்மை: ஓடிபி இல்லாமல் அந்தப் பணம் போயிருக்காது. ஆனால் ஓடிபி போவதற்கு நீங்கள் வாயைத் திறந்திருக்க வேண்டும் என்பதில்லை. வாட்ஸ்அப்பில் வந்த அந்தக் கோப்பு ஏபிகே வகையைச் சேர்ந்தது. அதாவது பிளே ஸ்டோரின் சோதனைகளைத் தாண்டாமல் நேரடியாக ஆண்ட்ராய்டு போனில் ஏறிக்கொள்ளும் செயலி. நிறுவும்போது ‘குறுஞ்செய்திகளைப் படிக்கவும் அனுப்பவும் அனுமதிக்கவா’ என்று ஒரு பெட்டி தோன்றியிருக்கும். நேர்காணல் பதிவாக வேண்டுமே என்ற பதற்றத்தில் ‘அனுமதி’யைத் தொட்டிருப்பீர்கள். அந்த ஒரு தொடுதலுக்குப் பிறகு, வங்கி உங்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு ஓடிபியும் வந்த நொடியே அவர்களுக்கும் நகலாகப் போகும். சில செயலிகள் அந்தச் செய்தியை உங்கள் கண்ணில் படாமல் மறைத்தும் விடும். வெள்ளி இரவு நடந்தது திங்கள் காலைவரை உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

அவர் உங்களிடம் ஓடிபி கேட்காததற்கும் இதுதான் காரணம். ‘ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்’ என்று வங்கிகள் ஆண்டுக்கணக்கில் சொல்லிச் சொல்லி, அது மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. அந்த வாக்கியத்தை மீறாமலே திருடும் வழியை அவர்கள் கண்டுகொண்டார்கள். கார்டு எண்ணும் பின் எண்ணும் நீங்களே நிரப்பிக் கொடுத்தீர்கள், ஓடிபியைப் போன் கொடுத்தது. பல வங்கிகளில் இணையவங்கிக் கடவுச்சொல்லைப் புதிதாக அமைத்துக்கொள்ள இவ்வளவே போதும். உள்ளே நுழைந்த பிறகு வைப்புத்தொகையை முறிப்பதற்குக் கிளைக்கு வரவேண்டிய அவசியமில்லை. செவ்வாய்க்கிழமை 9,800 ரூபாய் போனதும் இதே வழியில்தான் இருக்க வேண்டும். யுபிஐ செயலியை ஒரு போனில் பதிவு செய்யும்போது, அந்த எண்ணிலிருந்தே ஒரு குறுஞ்செய்தி போய் அதை உறுதிசெய்கிறது. உங்கள் போனிலிருந்து செய்தி அனுப்பும் அனுமதி அவர்களிடம் இருந்ததால், உங்கள் யுபிஐயை அவர்கள் போனில் நிறுவிக்கொள்வது அவர்களுக்குக் கடினமில்லை. நீங்கள் முடக்கியது கார்டை மட்டும். யுபிஐயும் இணையவங்கியும் தனித்தனி வாசல்கள். கார்டை முடக்கினால் அவை தாமாக மூடிக்கொள்வதில்லை. மோசடி என்று அழைக்கும் வாடிக்கையாளரிடம் ‘எல்லா வழியையும் நிறுத்திவிடட்டுமா’ என்று கேட்க வேண்டியது மறுமுனையில் இருப்பவரின் பொறுப்பு என்பது என் கருத்து. ஆனாலும் இனி யாருக்காவது இப்படி நேர்ந்தால், ‘கார்டு, யுபிஐ, இணையவங்கி, மொபைல் வங்கிச் செயலி நான்கையும் நிறுத்துங்கள், கணக்கிலிருந்து பணம் வெளியேறுவதையே தடுத்துவையுங்கள்’ என்று நாமே வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்ற கேள்விக்கு, போன பணத்தை இரண்டு பங்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரின் அனுமதியின்றி நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனைகளில் யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்துச் சொல்கிறது. தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில்லை. நான்கு முதல் ஏழு வேலைநாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்வரை அவர் தாங்க வேண்டும். தகவல் வந்த நாளை விட்டுவிட்டு, உங்கள் கிளை இயங்கும் நாட்களை மட்டுமே எண்ண வேண்டும் என்பதால், வெள்ளி இரவு நடந்ததைத் திங்களன்று சொன்ன நீங்கள் கெடுவுக்குள்தான் இருக்கிறீர்கள். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் இழப்பு நேர்ந்திருந்தாலோ, அவர் வங்கியிடம் தெரிவிக்கும் நேரம்வரை போனதை அவரே தாங்க வேண்டும். தெரிவித்த பிறகு போவது முழுவதும் வங்கியின் தலையில் விழும்.

ஆகவே அந்த 9,800 ரூபாய் தனி வழக்கு. திங்களன்று நீங்கள் அழைத்ததற்குச் சாட்சியாக, கார்டு முடக்கப்பட்டதற்கான குறிப்பு எண் வங்கியின் பதிவில் இருக்கும்; பணம் போனது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை நிகழ்வில் உங்கள் மீது எவ்வளவு தவறு சொன்னாலும், இந்தத் தொகையை வங்கி உங்கள் மேல் சுமத்த அந்தச் சுற்றறிக்கையில் இடமில்லை. இதைக் கடிதத்தில் தனிப் பத்தியாக எழுதிக் கேளுங்கள்.

மீதி 1,86,000 ரூபாயைப் பற்றி உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர எனக்கு மனமில்லை. பின் எண்ணை நீங்களே நிரப்பியிருப்பதால், அது கவனக்குறைவு என்று வங்கி வாதிடும். அந்த வாதத்துக்கு வலுவும் உண்டு. ஆனால் வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்பதை நிரூபிக்கும் கடமை வங்கியுடையது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. ‘நீங்கள்தான் சொல்லியிருப்பீர்கள்’ என்ற ஊகம் நிரூபணம் ஆகாது. இரவில், புதிய கருவி ஒன்றிலிருந்து நுழைந்து, வைப்புத்தொகையை முறித்து, அதுவரை ஒருமுறைகூடப் பணம் அனுப்பியிராத கணக்குக்கு மொத்தத்தையும் அனுப்பியதை வங்கியின் கண்காணிப்பு ஏன் சந்தேகிக்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கடவுச்சொல் மாற்றப்பட்டது எப்போது, எந்தக் கருவியிலிருந்து, புதிய பயனாளி (பணம் பெறும் கணக்கு) சேர்க்கப்பட்டது எப்போது, எச்சரிக்கைச் செய்திகள் எந்தெந்த நேரத்தில் அனுப்பப்பட்டன என்ற விவரங்களை எழுத்தில் கோருங்கள். புகாரை 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் வங்கிக்கு விதிக்கப்பட்ட கெடுதான்.

எழுத்தில் எதுவும் தரவில்லை என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. நாளையே இரண்டு பிரதிகளாகக் கடிதம் எழுதி, ஒன்றைக் கிளையில் கொடுத்து, மற்றொன்றில் தேதியுடன் முத்திரையும் கையொப்பமும் வாங்கிக்கொள்ளுங்கள். இலவச எண்ணில் அழைத்த நாளும் நேரமும், மேலாளரைச் சந்தித்த நாள், 1930 தந்த புகார் எண் மூன்றும் அதில் இருக்கட்டும். கணக்கு அறிக்கையின் நகலையும், சைபர் குற்றப் புகாரின் நகலையும் இணையுங்கள். முப்பது நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. வழிமுறை புரியவில்லை என்றால் 14448 என்ற எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வங்கிக்கு முதலில் எழுத்தில் கொடுத்திருந்தால்தான் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவை எடுத்துக்கொள்வார் என்பதால், மேலாளர் என்ன சமாதானம் சொன்னாலும் முத்திரை இல்லாமல் திரும்பி வராதீர்கள்.

1930 என்பது தேசிய அளவில் இயங்கும் சைபர் நிதிமோசடி உதவி எண். அங்கே புகார் பதிவானதும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அந்தக் கணக்கில் எஞ்சியிருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. திருடர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் பணத்தை வாங்குவதில்லை. கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு கணக்கிலிருந்து நான்காக, நான்கிலிருந்து பதினாறாகப் பிரிந்து, கடைசியில் ஏதோ ஓர் ஊரின் ஏடிஎம்மில் ரொக்கமாக அது வெளியேறிவிடும். முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் புகார் கொடுத்தவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்று காவல்துறை திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நீங்கள் புதன்கிழமை அழைத்ததால் பெரும்பகுதி அதற்குள் கைமாறியிருக்கலாம். ஆயினும் ஏதேனும் தொகை நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் புகார் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அப்படி இருந்தால், வழக்கமாக நீதிமன்ற உத்தரவு பெற்று அதை உங்கள் கணக்குக்குத் திருப்ப முடியும். அதற்கான மனுவுக்குக் காவல் அலுவலரே வழிகாட்டுவார்.

இனி உங்கள் மகன் சொல்வதற்கு வருகிறேன். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் மயிலாடுதுறையில் தனியாக இருக்கும் 67 வயதுப் பெண்மணி பால்காரருக்கும் மின்கட்டணத்துக்கும் மருந்துக் கடைக்கும் மாதாமாதம் வங்கி வரிசையில் நின்று பணம் எடுத்து வந்து கொடுப்பது, பாதுகாப்பு என்ற பெயரில் உங்களுக்கே தண்டனையாகிவிடும். இத்தனை ஆண்டுகள் மோசடிப் புகார்களைப் பார்த்ததில் நான் வந்தடைந்த முடிவு வேறு. இனி ஏமாறவே மாட்டேன் என்று யாரும் உறுதி எடுத்துக்கொள்ள முடியாது. உங்கள் ஓய்வூதிய ஆணை எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு, பள்ளியின் பெயரோடு பேசுகிறவனை நம்பியது முட்டாள்தனம் என்றும் நான் கருதவில்லை. ஏமாந்தால் அதிகபட்சம் எவ்வளவு போகும் என்பதை நாம் முன்கூட்டியே தீர்மானித்து வைக்க முடியும். வீட்டு வாசலில் காய்கறிக்காரரிடம் நிற்கும்போது, பீரோவையே திறந்து வைத்துக்கொண்டா நிற்கிறோம்? சுருக்குப்பையில் உள்ளதை மட்டுமே கையில் எடுத்துப் போகிறோம். உங்கள் போனில் இதுவரை பீரோவே இருந்தது.

அதை இப்படி மாற்றியமைக்கலாம். ஓய்வூதியம் வரும் கணக்கை இப்போதிருக்கும் வங்கியிலேயே வைத்துக்கொண்டு, அதில் இணையவங்கி, யுபிஐ, மொபைல் செயலி மூன்றையும் எழுத்து மூலம் நிறுத்திவிடுங்கள். வேறொரு வங்கியில் சிறிய சேமிப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஓய்வூதியக் கணக்கிலிருந்து மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் எட்டாயிரமோ பத்தாயிரமோ அதற்குத் தானாகப் போகும்படி கிளையில் நிலையான உத்தரவு கொடுங்கள். ஜிபே, மின்கட்டணம், செல்போன் ரீசார்ஜ் எல்லாம் அந்தச் சிறு கணக்கோடு நிற்கட்டும்.

இதில் பலரும் கவனிக்காமல் கோட்டைவிடும் இடம் செல்போன் எண். இரண்டு கணக்குக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் இந்த ஏற்பாட்டால் பாதிப் பயன்கூட இல்லை; ஒரு எண்ணைக் கொண்டு யுபிஐயில் நுழைபவர், அந்த எண்ணோடு இணைந்திருக்கும் எல்லா வங்கிக் கணக்குகளையும் தேடிப் பார்க்க முடியும். ஆகவே ஓய்வூதியக் கணக்குக்கான எண்ணைப் பட்டன் போனில் வைத்து, அதை யாருக்கும் கொடுக்காமல், வங்கிச் செய்திகள் வருவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்; பட்டன் போனில் எந்த ஏபிகேயும் ஏறாது. ஸ்மார்ட்போனில் இருக்கும் எண் சிறு கணக்குக்கு மட்டும் உரியதாக இருக்கட்டும். பட்டன் போனின் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செயலிழந்து, வேறொருவருக்கு அந்த எண் ஒதுக்கப்பட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் மகனின் வேலை.

வேறு வைப்புத்தொகைகள் இருந்தால், இணையத்தின் வழியாக அவற்றை முறிக்கவோ, அவற்றின் மேல் கடன் எடுக்கவோ முடியாதபடி செய்ய இயலுமா என்று கிளையில் கேளுங்கள். முறிக்காமலே, வைப்பின் மேல் சில நிமிடங்களில் கடன் எடுத்துக்கொண்டு போவதும் நடக்கிறது. ஏடிஎம் கார்டில் இணையக் கொள்முதல், வெளிநாட்டுப் பயன்பாடு, தொடாமல் செலுத்தும் வசதி ஆகியவற்றைத் தனித்தனியாக அணைத்துவைக்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020-லேயே உத்தரவிட்டிருக்கிறது. தேவைப்படாதவற்றை அணைத்துவிடுங்கள்.

அழைப்பவர் யார் என்று கண்டுபிடிக்கும் அடையாளங்களை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம், அவற்றை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்பதுதான். வங்கிகள் தங்கள் சேவை அழைப்புகளை 1600 என்று தொடங்கும் எண்களிலிருந்து செய்ய வேண்டும் என்றும், இணையதளங்களை ‘பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2025-ல் உத்தரவிட்டது. சாதாரணச் செல்போன் எண்ணிலிருந்து ‘வங்கி’ பேசினால் சந்தேகப்படுவதற்கு அது போதுமான காரணம். வங்கியின் எண் வேண்டுமென்றால் கூகுளில் தேடாதீர்கள். அங்கே போலி எண்களை விளம்பரமாக ஏற்றிவைப்பார்கள். கார்டின் பின்புறத்திலும் கணக்குப் புத்தகத்திலும் அச்சிட்டிருக்கும் எண்ணே போதும். உங்கள் நேர்காணலைப் பொறுத்தவரை, கருவூலத்தில் நேரில் போகலாம், இ-சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம், அஞ்சல்காரரை வீட்டுக்கே வரவழைத்தும் பதியலாம். வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பிப் பதியும் முறை எதுவும் கிடையாது. அவர் உங்கள் ஆணை எண்ணைச் சொன்னது அவர் அலுவலர் என்பதற்கு ஆதாரமாகாது. ஓய்வூதியதாரரின் விவரங்கள் நகலெடுக்கும் கடையிலிருந்து கணினி மையம்வரை எத்தனையோ கைகளைக் கடந்து வந்தவை.

ஒரு எச்சரிக்கை மட்டும் மீதி இருக்கிறது. புகார் கொடுத்தவர்களைத் தேடி இரண்டாவது கூட்டம் ஒன்று வரும். ‘சைபர் கிரைமிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், விடுவிக்க ஐயாயிரம் ரூபாய் கட்டணம்’ என்பார்கள். உங்கள் புகார் எண்ணைக்கூடச் சொல்லக்கூடும். காவல்துறையோ, நீதிமன்றமோ, குறைதீர்ப்பாளரோ பணத்தைத் திருப்பித் தருவதற்காகத் தொலைபேசியில் கட்டணம் கேட்பதில்லை. அப்படி யாராவது அழைத்தால் பதில் சொல்லாமல் துண்டித்துவிட்டு, அந்த எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, உங்கள் புகாரை விசாரிக்கும் நிலையத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள்.